பாய் வீட்டில் பரஸ்தானம்

மணி என்னங்க தம்பி? ஒன்பதேகாலா? சரியாப் போச்சு. சனிக்கிழமை ஒன்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம். இந்த நேரம் பாத்துத்தான் மரம் ரோட்டுல விழணுமா? என் போன்லயே மணி பாக்கலாமுங்க, ஆனா தொட்டுத் தொட்டுப் பாத்தா சார்ஜ் இறங்கிடும்னு பயம். ஒரு போன் வரணும். அதுக்காகத்தான் கையிலயே புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

நீங்க கூடலூர்லயே இறங்கிடுவீங்களா? நான் அங்க இறங்கி, எல்லையில இருக்கற செக்போஸ்ட்டுக்குப் போகணும். என் பொண்ணு அங்க இருக்கா. வேலைக்கு இல்லீங்க. போலீஸ்காரங்க உக்கார வச்சிருக்காங்க, நேத்து சாயங்காலத்துல இருந்து. ராத்திரி ஒரு லேடி போலீஸ் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போய்ப் படுக்க வச்சுதாம், நல்ல மனசு. காத்தால மறுபடியும் கொண்டாந்து உக்கார வச்சுட்டாங்க. நான் போய்க் கூட்டிட்டு வந்துட்டேன்னா முடிஞ்சுது. அது வரைக்கும் பயந்தான். ஒரே பொண்ணுங்க.

பேரு கோகிலவாணி. கரூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில துணியோட தரம் பாக்கற வேலை. திரைச்சீலை, மெத்தை உறையெல்லாம் வெளிநாடு போகுமில்ல, அதுல ஒரு நூல் பிசிறு இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவா. அந்தச் சம்பாத்தியத்துல ஒரு பழைய புல்லட்டு வாங்கினா. பொம்பளப் புள்ளை புல்லட்டு ஓட்டறதுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. அக்கம்பக்கத்துல சொன்னாங்க, நான் சொல்லல. என் பேர்ல பதிவு பண்ணும்மான்னு மட்டும் கேட்டேன். எங்க வீட்டுல கேஸ் அடுப்புல இருந்து வீடு வரைக்கும் எல்லாம் என் பேர்லதான். அவளும் சரின்னுட்டா. அது பின்னாடி எப்படி உதவுச்சுன்னு சொல்றேன்.

வண்டி வந்ததுல இருந்து ஒரே பேச்சு. கரூர்ல இருந்து காஷ்மீர் போகணும், தனியா, அந்த வண்டியிலயே. ஆவணியில கல்யாணம் வேற பேசி முடிச்சாச்சு. திருச்செங்கோட்டுப் பக்கம் மாப்பிள்ளை, கார் இருக்குது. கல்யாணம் ஆனதும் அவரோட கார்ல போயேம்மான்னேன். "அப்புறம்னா போகவே முடியாதுப்பா. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்"னா. எனக்கு என்னங்க தெரியும்? எனக்கு ஒண்ணும் தெரியாது.

ஆனா நான் தடுக்கலீங்க. இதை எல்லாருமே தப்பாப் பேசறாங்க. என் சம்சாரம் மரகதம் உட்பட. அதனாலதான் முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்ட முதல்லயே சொல்லிடறேன்.

நான் யாருங்க? பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். ரிட்டயர்டு. சர்வீஸ் முழுக்க அந்தச் சின்னக் கூண்டுக்குள்ள உக்காந்து வண்டியைக் கிளப்பி விட்டவன். என் விசில் கேக்காம ஒரு வண்டி நகராது. விசில் ஊதினப்புறம் ஒரு வண்டி நிக்காது. அப்பேர்ப்பட்டவன் பெத்த மகளை நிறுத்தி வைப்பானா? அவளே மேப்பைக் கொண்டாந்து கூடத்துல விரிச்சு, "அப்பா, நீங்களே டைம் போட்டுக் குடுங்க"ன்னா. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் என்கிட்ட யாரும் டைம் கேட்டதே இல்லீங்க. ரெண்டு பேரும் தரையில குப்புறப் படுத்துக்கிட்டுப் போட்டோம். பங்குனி முதல்ல கிளம்பினா வெயில் முத்தறதுக்குள்ள நாக்பூரைத் தாண்டிடலாம். திரும்பி வர்றப்ப மழை புடிக்கறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம். எங்க தங்கறது, எங்க பெட்ரோல் போடறது, ஒண்ணு விடல. எந்த டிரைவருக்கும் நான் அப்படி டைம் போட்டுக் குடுத்ததில்ல.

கிளம்பற நாளுன்னு ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னா. செவ்வாய், புதன் வடக்க சூலமுங்க. அந்தத் திசையில அன்னிக்கு வாசப்படி தாண்டக் கூடாது. "லீவு போட்டாச்சேப்பா"ங்கறா. சூலத்துக்கு லீவு தெரியுமா? சரி, வியாழன்னு பாத்தா அவ ராசிக்குச் சந்திராஷ்டமம். அது விட்டதும் கரிநாள். அதுக்கப்புறம் பங்காளி வீட்டுல ஒரு சாவு, தீட்டு வந்து ஒட்டிக்கிச்சு. இதெல்லாம் நானா உண்டாக்கினேன்? காலண்டர்ல அச்சடிச்சுத் தொங்குது. அதுக்குள்ள லீவு முடிஞ்சு போச்சு.

என்னங்க, டிரைவர் வர்றாரா? இல்லியா? சரி சரி. உக்காருங்க.

சித்திரையில மறுபடியும் லீவு வாங்கிட்டு வந்தா. மறுபடியும் மேப்பை விரிச்சோம். இப்ப வெயில் கொளுத்துது, பழைய டைம் உதவாது. வெயில் காலத்துக்குன்னு தனியாப் போட்டேன். விடியறதுக்கு முன்னாடி வண்டியை எடுத்துடணும். வெயில் ஏறினதும் நிழல் பாத்து ஒதுங்கிடணும். பொழுது சாயறப்ப மறுபடி கொஞ்ச தூரம். கழுத்துல ஈரத்துண்டு, பாட்டில்ல உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி. அவ ஒண்ணு சொல்ல நான் திருத்த, நான் சொல்ல அவ திருத்த, மரகதம் வந்து "சாப்பிட வர்றீங்களா, இல்ல காஷ்மீர்லயே சாப்பிட்டுக்கறீங்களா"ன்னு கேக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம். ஆனா பாருங்க, அக்னி நட்சத்திரம் பொறந்துடுச்சு. அக்னியில யாராவது தூரப் பயணம் அனுப்புவாங்களா? போகாதேன்னு நான் சொல்லல. அக்னி முடியட்டும்னுதான் சொன்னேன். அவ மேப்பைச் சுருட்டி பீரோ மேல வச்சுட்டுப் போய்ப் படுத்துட்டா. ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும், வேலையை விட்டுட்டான்னு. மூணாவது தடவை லீவு கேக்க வெக்கமா இருக்குதாம். நான் விடச் சொன்னேனா?

அப்புறம் ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்பக் கேட்டா. "ஏப்பா, பஸ் ஸ்டாண்டு மைக்குல அத்தனை ஊர் பேரைச் சொன்னீங்களே. அதுல ஒரு ஊருக்காவது நீங்க போயிருக்கீங்களா?" நான் எதுக்குப் போகணும்? நானும் போயிட்டா வண்டியை யார் அனுப்பறது? மரகதம் கரண்டியை டொப்புன்னு வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. மக அப்படிப் பேசிட்டாளேன்னு அவ மேல கோவமா இருக்கும்.

அக்னி முடிஞ்சு பாத்தா கேரளாவுல மழை புடிச்சுடுச்சு. மூணாவது தடவையா மேப்பு. நான் சளைக்கலீங்க. மழைக்குன்னு தனியா டைம். துணிமணியெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல சுத்தணும். தண்ணி ஓடற ரோட்டுல இறங்கக் கூடாது. முக்கியமா ஒண்ணு, வெளிச்சம் மங்கினதுக்கப்புறம் மழையில ஓட்டவே கூடாது. முதல்ல கண்ணுல படற கூரைக்குக் கீழ ஒதுங்கிடணும். இதுக்கு மட்டும் என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினா.

அப்பதான் மரகதம் ஒரு வார்த்தை போட்டா. "உங்களுக்கு நாள்தானே பிரச்சினை? பரஸ்தானம் வச்சுடுங்க." உங்களுக்குத் தெரியுமா தம்பி? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குத் தெரியாது. கிளம்பற அன்னிக்கு நாள் சரியில்லைன்னு வைங்க. அதுக்கு முன்னாடியே ஒரு நல்ல நேரத்துல மூட்டை முடிச்சைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுல வச்சுடறது. பயணம் அப்பவே தொடங்கிட்டதாக் கணக்கு. பொறகு ஆள் எந்த நாள்ல வேணா புறப்படலாம், தோஷமில்ல. வச்ச சாமானைத் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது, அவ்வளவுதான். எங்கப்பா எல்லாம் ஒரு துண்டும் சொம்பும் வைப்பாரு. நான் வண்டியையே வச்சேன்.

ஏன்னா, அது வாசல்ல நின்னா இவ தினமும் அதைத் துடைச்சுக்கிட்டே இருக்கா. கண்ணுல படலைன்னா மனசு கொஞ்சம் ஆறும். ஆடி பொறந்துட்டா எப்படியும் கிளம்ப முடியாது, அப்புறம் கல்யாண வேலை வந்துடும். அப்படி ஒரு எண்ணம். தப்பில்லீங்களே?

எதிர் வீட்டுல சிக்கந்தர் பாய். வண்டி சீட்டுக்குக் கவர் தைக்கிற கடை வச்சிருக்காரு. அவர் ஷெட்டுல, சுக்கிர ஹோரையில, வண்டி, பை, மழைக்கோட்டு எல்லாத்தையும் நானே கொண்டுபோய் வச்சேன். எனக்கு ஓட்டத் தெரியாதுங்க, தள்ளிக்கிட்டுத்தான் போனேன். "நம்ம வீட்டுல உங்க பரஸ்தானமா? ரொம்ப சந்தோஷம்ணே"ன்னு பாய் ஒரு டம்ளர் டீ குடுத்தாரு. கோகிலா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். "அப்ப நான் கிளம்பிட்டேனாப்பா?"ன்னா. சாஸ்திரப்படி நீ கிளம்பிட்டே சாமின்னேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானுங்களே.

நேத்து வெள்ளிக்கிழமை. எந்திரிச்சு வந்தா சமையக்கட்டுல புளிசாத வாசனை. மரகதம் தட்டுல போட்டுக் குடுத்தா. நல்லா இருந்துது, இன்னும் கொஞ்சம் போடுன்னு வாங்கிச் சாப்பிட்டேன். காலங்காத்தால எதுக்குப் புளிசாதம்னு தோணவே இல்ல. கை கழுவ வாசலுக்கு வந்தப்பதான் எதிர்ல ஷெட்டு திறந்து கிடந்துது. உள்ள வண்டி இல்ல. நான் தின்னது கட்டுச்சோத்துல மிச்சமுங்க! அவளை அனுப்பிட்டு மிச்சத்தை எனக்குப் போட்டிருக்கா.

பாய்கிட்டப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் மெதுவாத்தான் பேசினாரு. "நீங்க கொண்டாந்து வச்சது பயணத்துக்குன்னுதானேண்ணே. பாப்பா விடியக்காலையில வந்து சாவி கேட்டுச்சு. குடுத்தேன். பொருளுக்கு உரியவங்க வந்து கேட்டா எப்படி வச்சுக்கறது?" உரியவங்களாம். வண்டி யார் பேர்ல இருக்குதுன்னு கேட்டேன். பாய் ஷெட்டைச் சாத்தப் போயிட்டாரு. மரகதத்துக்கிட்டக் கேட்டா, "சாஸ்திரப்படி அவ போயி பத்து நாளாச்சு. இப்ப என்ன புதுசா?"ங்கறா. என்கிட்டயே சாஸ்திரம் பேசறா.

சேலம் வழியாத்தான் போயிருப்பான்னு நினைச்சேன். அந்த ரோட்டுல மழை கம்மி, நான் போட்ட டைமும் அதுதான். அங்க ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டுலயும் என்னோட பழைய ஆளுங்க இருக்காங்க. எல்லாருக்கும் போன் போட்டேன், புல்லட்டுல ஒரு பொண்ணு வந்தா நிறுத்தி வைங்கன்னு. யார் கண்ணுலயும் படல. அப்புறம்தான் புரிஞ்சுது. என் ஆளுங்க இல்லாத ரோடாப் பாத்து, கோயமுத்தூர் போயி இந்த மலை மேல ஏறியிருக்கா. இந்த மழையில! வெள்ளிக்கிழமை மேற்க சூலம் வேற. காஞ்ச ரோட்டை விட்டுட்டு யாராவது மழை ரோட்டுல போவாங்களா? என்ன புத்தி பாருங்க.

எப்படிப் புடிச்சாங்கன்னுதானே கேக்கறீங்க? கம்ப்ளெயிண்ட் குடுத்திருந்துதுங்க. வண்டியைக் காணோம்னு. யார் குடுத்ததா? நான்தான்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. பொண்ணைக் காணோம்னு போய்ச் சொன்னேன், மேஜர் பொண்ணு, அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தானே போயிருக்குது, நாங்க என்ன பண்றதுன்னுட்டாங்க. மணி ஆகிக்கிட்டே போகுது. கண்ணை மூடினா ரோட்டோரம் வண்டி விழுந்து கிடக்கற மாதிரியே வருது. அப்பதான் ஆர்.சி. புக்கு ஞாபகம் வந்துது. நான் பொய்யா எழுதிக் குடுக்கலீங்க. வண்டி என் பேர்ல இருக்குது, அது நிஜம். நான் வச்ச இடத்துல இல்ல, அதுவும் நிஜம். யாரு எடுத்ததுன்னு கேட்டாங்க, தெரியலைன்னுட்டேன். அது ஒண்ணுதான்.

சாயங்காலமே தகவல் வந்துடுச்சு. செக்போஸ்ட்டுக்கிட்ட ஒரு டீக்கடைக் கூரைக்குக் கீழ நின்னுக்கிட்டு இருந்தாளாம். வெளிச்சம் மங்கிடுச்சு, மழை விடல, ஒதுங்கி நின்னிருக்கா. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா கர்நாடகாவுக்குள்ள போயிருப்பா, யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. என் கையில அடிச்ச சத்தியத்துக்காக நின்னிருக்கா. நின்னதால புடிச்சாங்க. பாத்தீங்களா, என் பேச்சைக் கேட்டா ஒரு பாதுகாப்புதான்.

சேதி வந்ததும் ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏறிட்டேன். நாள் நேரமா? பாக்கலீங்க. அவசரம்னா பாக்கறதில்ல.

இருங்க தம்பி. போன்.

அலோ! ஆமாங்க சார், வையாபுரிதான். பஸ்ஸு நிக்குதுங்க, மரம் விழுந்து கிடக்குது... சொல்லுங்க... என்னங்க?... அவளா சொன்னா?... சரிங்க... சரிங்க சார். ஒரு பத்தரை மணிக்கு மேல கூப்பிட்டுச் சொல்றேனுங்களே... இல்லீங்க, காரணம் இருக்குது... சரிங்க.

ஒத்துக்கிட்டாளாம் தம்பி. நான் என்ன நினைச்சேன்னா, அழுவா, அப்பாவைக் கூப்பிடுங்கன்னு கேப்பா, நான் போய் இறங்கினதும் கையைப் புடிச்சுக்கிட்டு வந்துடுவான்னு. அவ ஒத்துக்கிட்டாளாம். உன் வண்டிதானே, நீதானே வாங்கினே, அதைச் சொல்லிட்டுப் போயேம்மான்னு அந்த லேடி போலீஸ் எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருக்குது. அதுக்கு இவ, "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு மேடம். அவர் திருட்டுன்னு சொன்னா திருட்டுதான்"னு சொன்னாளாம்.

பாத்தீங்களா, என்னை விட்டுக் குடுக்கல. என் மரியாதையைக் காப்பாத்திட்டா.

இப்ப அந்த எஸ்.ஐ. என்ன கேக்கறாருன்னா, திருட்டா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்கங்கறாரு. இல்லைன்னா இப்பவே சாவியைக் குடுத்து அனுப்பிடுவாராம். ஆமான்னா கேஸ். அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போக ஜீப் வந்துக்கிட்டு இருக்குதாம், அது வர்றதுக்குள்ள சொல்லணுமாம். சொல்லிடறேன், எம் பொண்ணு திருடி இல்லைன்னு சொல்லப் போறேன், அதுல என்ன சந்தேகம்? பத்தரை ஆகட்டும். நல்ல வார்த்தையை நல்ல நேரத்துல சொல்லணும் இல்லீங்களா. ராகு காலத்துல ஒண்ணு சொல்லி, அது வேற மாதிரி ஆகிப் போச்சுன்னா?

என்ன தம்பி?

இவ்வளவு நேரம் கேட்டீங்க, இப்ப ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறீங்க? ஜீப் முன்னாடியே வந்துடும்னா? மலை ரோடு, மழை, வர நேரமாகும். வந்துட்டா என்ன பண்ணுவாங்க? ஏத்திக்குவாங்களா? அவ ஏறிடுவாளுங்க. நீங்க அவளைப் பாத்ததில்ல. ஒரு வார்த்தை பேசாம ஏறி உக்காந்துக்குவா. அவர் திருட்டுன்னு சொன்னா திருட்டுதான். எப்படிம்மா அப்படிச் சொல்ல வந்துது உனக்கு? நான் பொய் சொல்ல மாட்டேனாம். அவளுக்குத் தெரியாதா, சொன்னேன்னு?

இந்தாங்க தம்பி, போன். அந்த நம்பரைக் கொஞ்சம் போட்டுக் குடுங்க, கடைசியா வந்துது பாருங்க, அதுதான். ராகு காலம் இருந்துட்டுப் போகட்டும். போடுங்க.

அலோ! சார், வையாபுரி. திருட்டு இல்லீங்க சார். வண்டி அவளோடது. அவ சம்பாதிச்சு வாங்கினது, என் பேர்ல இருக்குது, அவ்வளவுதான்... ஆமாங்க... யாரு எடுத்ததுன்னு எனக்குத் தெரியும் சார், தெரிஞ்சுதான் குடுத்தேன்... என்னை என்ன வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஜீப் வேண்டாம் சார், திருப்பி அனுப்பிடுங்க. விட்டுடுங்க அவளை... சார், சார், வச்சுடாதீங்க. அவகிட்டப் போனைக் கொஞ்சம் குடுங்களேன். ஒரே வார்த்தை...

குடுக்கறேன்னாரு. இருக்கச் சொன்னாரு. அந்தப் பக்கம் ஒரே மழைச் சத்தமுங்க, ஓட்டு மேல விழுது போல. யாரோ பேசறாங்க. தம்பி, இங்க காதை வைங்க. கேக்குதா? புல்லட்டு. அவ வண்டிதான். ரெண்டு மூணு உதை உதைச்சாத்தான் கிளம்பும் அது. கிளம்பிடுச்சு பாருங்க. போகுது. போகுது.

சார்? சொல்லுங்க சார்... ஓ... சொன்னீங்களா, அப்பா லைன்ல இருக்கேன்னு?... சரிங்க... பரவால்லீங்க. மழைக்கோட்டு போட்டிருக்காளா சார்?... சரிங்க.

வச்சுட்டாருங்க.

சாவியைக் கையில குடுத்ததும் நிக்கலையாம். அப்பா பேசணுங்கறாரும்மான்னு இவர் போனை நீட்டியிருக்காரு. கேட்டுதுன்னு தலையை ஆட்டிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டாளாம்.

இல்லீங்க, நான் திரும்பிப் போகல. டிக்கெட்டு அங்க வரைக்கும் எடுத்திருக்குது, போய்ப் பாத்துட்டுத்தான் வருவேன். அதோ, டிரைவர் ஓடி வர்றாரு, மரத்தை இழுத்துப் போட்டுட்டாங்க போல. கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாம் இல்லீங்களா தம்பி? நான்தான் வந்துக்கிட்டு இருக்கேனே. அவளை வழியனுப்பி வைக்கத்தானுங்க நான் இவ்வளவு தூரம் வந்துக்கிட்டு இருக்கேன்.